பச்சைப் புள்ளியின் கீழ் ஐந்து ஆண்டுகள்: ‘டீம்ஸ்’ செயலி பற்றி ஓர் ஊழியரின் மதிப்புரை

2020ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் தேதி, வெள்ளிக்கிழமை பிற்பகல், நோய்ப்பரவல் முறியடிப்பு நடவடிக்கைகளைச் சிங்கப்பூர்ப் பிரதமர் அறிவித்தபோது, சரக்கு அனுப்பும் நிறுவனமொன்றின் ஏற்றுமதி ஆவணப் பிரிவில் நாங்கள் ஆறு பேர் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். அடுத்த செவ்வாய்க்கிழமை விடிந்தபோது அந்த ஆறு பேரும் ஆறு வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் சாப்பாட்டு மேசைகளில் இருந்தோம். எங்களைச் சேர்த்துவைத்தது, அதுவரை கணினியின் ஓரத்தில் இருப்பதாகக்கூட நாங்கள் கவனித்திராத ‘மைக்ரோசாஃப்ட் டீம்ஸ்’ செயலி. 2017இல் வெளிவந்த அந்தச் செயலி ஆஃபிஸ் தொகுப்போடு சேர்ந்தே வந்ததால், அதைத் தனியாக வாங்க வேண்டுமென்று எங்கள் நிறுவனத்தில் யாரும் முடிவெடுக்கவில்லை. சீர்வரிசையோடு வந்து பரணில் கிடந்த அண்டாவைப்போல், தேவை வந்த நாளில் அது கீழே இறங்கியது.

இன்று வாரத்தில் மூன்று நாள் அலுவலகத்துக்கே போகிறோம். மறுபடியும் எதிரெதிரேதான் உட்கார்கிறோம். ஆனாலும் பேச்சு அந்தச் செயலிக்குள்ளேயே நடக்கிறது. இத்தகைய செயலியைத் தேர்ந்தெடுப்பவர் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் இருக்கிறார். பணம் கட்டுபவர் நிதிப் பிரிவில் இருக்கிறார். அதன் மணியோசைக்குத் திரும்பிப் பார்க்க வேண்டியவர்களோ எங்களைப் போன்றவர்கள். மதிப்புரைகள் பெரும்பாலும் முதல் இருவருக்காக எழுதப்படுவதால், அவற்றில் எத்தனை பேர் ஒரே கூட்டத்தில் சேரலாம், எவ்வளவு பெரிய கோப்பை அனுப்பலாம் என்ற கணக்குகளே நிறைந்திருக்கும். நாளொன்றுக்கு ஒன்பது மணி நேரமாக ஐந்து ஆண்டுகளுக்கும் மேல் இதோடு இருந்த எனக்கு அந்தக் கணக்குகளில் அக்கறை இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிறியதும் அன்று. ஒவ்வொரு கொள்கலனுக்கும் நான்கு எழுத்தும் ஏழு எண்ணும் கொண்ட ஓர் அடையாளம் உண்டு. மின்னஞ்சலிலேயே எல்லா வேலையும் நடந்த காலத்தில், ஒரு கொள்கலன் என்ன ஆயிற்று என்று வாடிக்கையாளர் கேட்டால், தலைப்பு நீண்டுகொண்டே போன நாற்பது கடிதங்களைத் துழாவ வேண்டும். அவற்றுள் பாதி, விடுப்பில் இருக்கும் சக ஊழியரின் அஞ்சல் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கும். இப்போது ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு சேனல், அதாவது தனி உரையாடல் பகுதி, திறந்துவைத்திருக்கிறோம். கொள்கலனின் அடையாளத்தைத் தேடல் பெட்டியில் இட்டால் போதும்: கிடங்கிலிருந்து வந்த எடைச்சீட்டின் படம், பில் ஆஃப் லேடிங்கின் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ஆவணத்தின்) வரைவு, வாடிக்கையாளர் சொன்ன திருத்தம், அதற்கு யார் எத்தனை மணிக்குச் சரி சொன்னார் என்பது வரை எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். கொள்கலனின் சரிபார்த்த மொத்த எடையைக் கப்பலில் ஏற்றுமுன் தெரிவித்தாக வேண்டும் என்பது 2016 ஜூலை 1 முதல் ‘சோலாஸ்’ கடற்பாதுகாப்பு உடன்படிக்கையின் கட்டாய விதி. அந்த எடை கெடுவுக்குள் போய்ச் சேராவிட்டால் கொள்கலன் கரையிலேயே நின்றுவிடும். முன்பெல்லாம் அதற்காகக் கிடங்குக்கு நான்கு முறை தொலைபேசியில் அழைப்பேன். நான்காவது அழைப்பில் இருவர் குரலும் உயர்ந்திருக்கும். இப்போது எடை பார்த்த கையோடு படம் சேனலுக்கு வந்துவிடுகிறது. அந்த வகையில் இச்செயலி எங்களுக்குள் இருந்த மனக்கசப்பைக் குறைத்திருக்கிறது என்றே சொல்வேன்.

நான் எதிர்பாராத நன்மை ஒன்றும் உண்டு. கூட்டத்தில் வாய் திறக்கத் தயங்கும் இளம் ஊழியர்கள் எழுத்தில் தயங்குவதில்லை. தன் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிக் கூச்சப்பட்டு இரண்டு ஆண்டுகள் பின்வரிசையிலேயே இருந்த ஒருவர், உரையாடல் பெட்டியில் கேட்ட ஒரு கேள்வியால், தவறான சரக்குக் குறியீட்டோடு போகவிருந்த ஆவணம் நிறுத்தப்பட்டது. அம்மாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்த மாதம் முழுவதும் நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்ததற்கும் இச்செயலிதான் கைகொடுத்தது. இவ்வளவும் கணக்கில் வரவேண்டும்.

இனி அந்தப் புள்ளி.

டீம்ஸில் ஒவ்வொருவர் படத்தின் ஓரத்திலும் ஒரு சிறிய வட்டம் இருக்கிறது. பச்சை என்றால் ஆள் இருக்கிறார். சிவப்பு என்றால் கூட்டத்திலோ அழைப்பிலோ இருக்கிறார். மஞ்சள் என்றால் எழுந்து போய்விட்டார். கணினியை ஐந்து நிமிடம் தொடாமலிருந்தால் பச்சை தானாகவே மஞ்சளாகிவிடும். கைத்தொலைபேசியில் டீம்ஸைத் திறந்துவைத்துவிட்டு வேறொரு செயலிக்கு மாறினாலும் மஞ்சள்தான். இதில் மறைவு எதுவும் இல்லை, தயாரித்த நிறுவனமே விளக்கக் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறது. புள்ளியின் நோக்கமும் நல்லதுதான். அறைக்குள் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுக் கதவைத் தட்டுவது நாகரிகம். ஆனால் கதவோரம் எட்டிப் பார்ப்பவர் பார்த்துவிட்டுப் போய்விடுவார். புள்ளியோ நாள் முழுவதும் எரிகிறது. மேலாளரின் திரையில் பன்னிரண்டு பெயர்களுக்கு அருகில் பன்னிரண்டு புள்ளிகள் காலை முதல் மாலை வரை வரிசையாக எரிகின்றன.

அதனால் வேலை செய்வதும் பச்சையாக இருப்பதும் இரண்டு தனி வேலைகளாகிவிட்டன. கிடங்கில் எங்கள் மேற்பார்வையாளர் ஒருவர் இருக்கிறார், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொரு கொள்கலனின் கதவருகிலும் குனிந்து முத்திரை எண்ணைச் சரிபார்த்தபடி வெயிலில் நடப்பவர். அவர் பெயர் நாள் முழுவதும் மஞ்சள். நானும், ஒரு பில் ஆஃப் லேடிங்கின் வரைவைத் தாளில் அச்சிட்டு, அடிக்கோல் வைத்து வரி வரியாகப் படிக்க உட்கார்ந்தால் (திரையில் கண்ணுக்குத் தப்பும் பிழை தாளில் தப்பாது என்பது இத்தொழிலில் எனக்கு முன்னிருந்த அக்கா ஒருவர் கற்றுக்கொடுத்த பாடம்) ஆறாவது நிமிடத்தில் மஞ்சளாகிவிடுகிறேன். வருகிற ஒவ்வொரு செய்திக்கும் கட்டைவிரல் படம் போட்டுக்கொண்டிருப்பவர் மட்டும் குன்றாத பச்சையில் ஒளிர்கிறார். கவனத்தைக் கேட்கும் வேலை எதுவோ அதுவே சோம்பலாகத் தெரியும்படி ஓர் அளவுகோலை யாரும் வேண்டுமென்றே செய்திருக்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் அது அப்படித்தான் ஆகியிருந்தது.

சக ஊழியர் ஒருவர் இதற்குக் கண்டுபிடித்த மாற்று வழியை நேரில் பார்த்திருக்கிறேன். மேசையில் பழைய கைக்கடிகாரம் ஒன்றை மல்லாத்திப் படுக்கவைத்து, அதன் கண்ணாடிமேல் மவுஸை வைத்துவிடுவார். விநாடி முள் சுற்றச் சுற்ற, மவுஸின் அடியிலுள்ள உணரி அதை அசைவென்று எடுத்துக்கொள்ள, திரையில் அம்புக்குறி மெல்ல நடுங்கும். அவர் அந்நேரம் தூங்கவில்லை. எதிர் புளோக் அருகிலுள்ள தொடக்கப்பள்ளியிலிருந்து மகளை அழைத்துவரப் பன்னிரண்டு நிமிடம் போய் வருவார். பன்னிரண்டு நிமிடம் தள்ளி வருகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் சொல்ல அஞ்சும்படி அந்தப் புள்ளி செய்திருந்தது. இத்தகைய உத்திகளால் வேலையே போனதும் உண்டு: விசைப்பலகை இயங்குவதுபோல் போலியாகக் காட்டினார்கள் என்று 2024இல் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி பத்துக்கும் மேற்பட்ட ஊழியர்களை நீக்கிய செய்தி வந்தபோது, எங்கள் பிரிவில் அந்தக் கைக்கடிகாரம் மறுபடி மணிக்கட்டுக்கே போனது.

தயாரிப்பாளர் இந்த ஆபத்தை அறியாதவர் என்றும் சொல்ல முடியாது. 2020ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஊழியர்கள் தங்கள் கருவிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதை ஒவ்வொருவர் பெயரோடும் நிர்வாகிகளுக்குக் காட்டும் ‘புரொடக்டிவிட்டி ஸ்கோர்’ என்னும் வசதியை மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்தது. இது வேவு பார்ப்பது என்ற கண்டனம் எழுந்ததும், அதே ஆண்டு டிசம்பர் முதல் தேதி, தனியாள் பெயர்களை அதிலிருந்து எடுத்துவிடுவதாக அறிவித்தது. நான் மதிக்கும் முடிவு அது. புள்ளி மட்டும் பெயரோடேயே தொடர்கிறது.

புள்ளிக்கு அடுத்தது கண். அனுப்பிய செய்தியைப் பெற்றவர் படித்துவிட்டால், செய்தியின் ஓரத்தில் ஒரு கண் வடிவம் தோன்றும். இருபது பேர் வரையுள்ள குழு உரையாடல்களிலும் அது உண்டு. வாட்ஸ்அப்பின் இரட்டை நீலக் குறி 2014 நவம்பரில் வந்தபோது குடும்பங்களுக்குள் என்னென்ன சண்டைகள் மூண்டன என்று நினைவிருப்பவர்களுக்கு, அதே குறி சம்பளம் தருபவர் கையில் இருந்தால் எப்படியிருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை. கண்ணேறு கழிக்கப் பூசணிக்காய் உடைக்கும் நம்மவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான சின்னத்தை யாரும் வரைந்திருக்க முடியாது. படித்த குறியை அணைத்துவைக்கும் விசை அமைப்புகளுக்குள் இருக்கிறது. ஆனால் ஊழியருக்கு அந்த உரிமையைத் தருவதா வேண்டாமா என்பதை நிறுவனத்தின் நிர்வாகியே முடிவு செய்யலாம். எங்கள் நிறுவனம் தரவில்லை.

மூன்றாவதாக, அவசரக் குறி. ஒரு செய்தியை அவசரம் என்று குறித்து அனுப்பினால், பெற்றவர் அதைப் படிக்கும்வரை, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, இருபது நிமிடங்களுக்கு அது அறிவிப்பை எழுப்பிக்கொண்டே இருக்கும். மருத்துவமனையில் தாதியர் மருத்துவரை அழைப்பதற்கு இது அருமையான ஏற்பாடு. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

தீபாவளிக்கு முந்தைய நாள் அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தேக்காவுக்குப் போயிருந்தேன். பஃபலோ சாலையில் பூ வாங்க நின்றவர்களின் வரிசை நடைபாதையைத் தாண்டி வளைந்திருந்தது. என் முறை வந்து, கடைக்கார அம்மா மல்லிகைச் சரத்தை முழங்கையோடு வைத்து அளந்துகொண்டிருந்தபோது கைப்பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. விட்டுவிட்டேன். வாழையிலைக் கட்டை எடுப்பதற்குள் மறுபடி அதிர்ந்தது. மூன்றாவது முறை அதிர்ந்தபோது அந்த அம்மாவே, “எடுத்துப் பாத்துடுங்கம்மா, வீட்டுல ஏதும் அவசரமா இருக்கப்போவுது” என்றார். அம்மாவுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கும் ஒரு கணம் பதறியது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு திறந்தேன். ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போகும் சரக்கின் கோப்புப் பெயரில் நாளும் மாதமும் இடம் மாறியிருக்கின்றன என்று என் மேலதிகாரி எழுதியிருந்தார். கப்பல் புறப்பட இன்னும் நான்கு நாள் இருந்தது.

திறக்காமல் இருந்தால் அதிர்ந்துகொண்டே இருக்கும். திறந்தால் மறுமுனையில் கண் முளைத்துவிடும். கண் முளைத்தபின் பதில் எழுதாமல் இருப்பது அவமரியாதையாகும். பூவை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால், பார்த்துக்கொள்கிறேன் என்று எழுதினேன். அந்த மேலதிகாரி கொடியவர் அல்லர். பின்னொரு நாள் பேசும்போது, அந்தச் சிவப்புக் குறி மறுபக்கம் இருபது நிமிடம் அடிக்கும் என்பதே தமக்குத் தெரியாது என்றார். தலைப்பைத் தடித்த எழுத்தில் போடுவதைப்போல என்று எண்ணியிருந்தாராம். நான் அவரை நம்புகிறேன்.

இந்தச் செயலியைப் பற்றி எனக்குச் சொல்ல இருக்கும் குறை அந்தப் பேச்சிலிருந்துதான் தெளிவானது. தொல்லையிலிருந்து தப்புவதற்கான விசைகள் இதில் நிறையவே இருக்கின்றன. கைத்தொலைபேசியில் அமைதி நேரம் வைக்கலாம். வார இறுதிக்கு அமைதி நாள் வைக்கலாம். தொந்தரவு செய்யாதீர் என்று சிவப்பைப் போட்டுக்கொள்ளலாம். சேனல் சேனலாக ஓசையை அணைக்கலாம். இவை அனைத்தும் பெறுபவர் கையில் இருக்கின்றன. அனுப்புவது ஒரு தட்டு. பெறாமலிருக்க மூன்று திரைகளைக் கடந்துபோய் நான்கு விசைகளைத் திருப்ப வேண்டும். திருப்பிய பிறகும், நான் அமைதி நேரத்தில் இருக்கிறேன் என்று அனுப்புபவருக்குத் தெரியுமா, தெரிந்தால் என்ன நினைப்பார் என்ற கணக்கு மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும். பதவியில் கீழே இருப்பவர் போட்டுக்கொள்ளும் அமைதி, மேலே இருப்பவருக்கு மௌனமாகத் தெரியாது, மறுப்பாகவே தெரியும். அனுப்புபவர் பக்கம் இருக்கும் ஒரே நல்ல கருவி, செய்தியை எழுதிவைத்துவிட்டுக் குறித்த நேரத்தில் போகச் சொல்லும் வசதி. அனுப்பும் பொத்தானை மவுஸின் வலப்புற விசையால் சொடுக்கினாலோ, கைத்தொலைபேசியில் அதை அழுத்திப் பிடித்தாலோ அது வெளிவருமாறு செய்திருக்கிறார்கள். எங்கள் பிரிவில் நான் கேட்ட பதினொரு பேரில் அது இருப்பது தெரிந்தவர் இருவர்.

அடிக்கடி இடைமறிப்பதால் வேலை கெடுகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். என் அனுபவம் சற்று வேறுபட்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் அர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க்கும் ஜெர்மானிய ஆய்வாளர் இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு அதற்கு நெருக்கமாக இருக்கிறது. இடைமறிக்கப்பட்டவர்கள் வேலையைச் சற்று விரைவாகவே முடித்தார்கள். அதன் விலையாகக் கூடுதல் மன அழுத்தத்தையும் எரிச்சலையும் நேர நெருக்கடியையும் சுமந்தார்கள் என்பதே அவர்கள் கண்டது. வேலை முடிந்துவிடுகிறது என்பதால்தான் நிர்வாகத்துக்கு இது தெரிவதே இல்லை. அறிக்கையில் எல்லாக் கப்பலும் உரிய நாளில் போயிருக்கும். மாலையில் பெருவிரைவு ரயிலில் கைப்பிடியைப் பற்றியபடி நிற்கும்போது, எதுவும் அதிராத தொலைபேசி தொடையில் அதிர்ந்ததாகத் தோன்றுவது எந்த அறிக்கையிலும் வராது.

எங்களைப் போன்ற நிறுவனங்களுக்கு இன்னொரு சிக்கல், சென்னை. ஆவண வேலையின் ஒரு பகுதியை அங்குள்ள அலுவலகம் செய்கிறது. சிங்கப்பூர் நேரம் அவர்களைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. அவர்களுக்கு மாலை ஆறரை என்றால் எங்களுக்கு இரவு ஒன்பது. அவர்கள் அன்றைய கணக்கை முடிக்கப் பரபரக்கும் நேரத்தில் நாங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்போம். யாரும் யாரையும் வதைக்க நினைக்காமலேயே இரவு ஒன்பது மணி வேலை நேரமாகிவிடுகிறது. ஒருநாள் இரவு மகனுக்கு வீட்டுப்பாடம் அச்சிடுவதற்காக அலுவலகக் கணினியைத் திறந்தேன். இரண்டு நிமிடத்தில் சென்னையிலிருந்து புதிதாகச் சேர்ந்த பெண் மூன்று கேள்விகளை அனுப்பிவிட்டாள். மறுநாள் காலை இதமாகவே கேட்டேன். “உங்க பேருக்குப் பக்கத்துல பச்சை எரிஞ்சுதே அக்கா, அதான் கேட்டேன்” என்றாள். அவளிடம் எனக்குக் கோபம் வரவில்லை. விளக்கு எரியும் வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று எந்த ஊரிலும் சொல்லித்தான் வளர்க்கிறோம். அச்சிடுவதற்குக் கணினியைத் திறந்தால் வாசலில் விளக்கைப் போட்டுவிடும் பொருள்மீதுதான் எனக்கு வருத்தம்.

சட்டம் இதில் எங்கே நிற்கிறது என்பதையும் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பிரான்சில் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரி முதல் தேதியிலிருந்து நடப்பில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் 26 முதல், வேலை நேரத்துக்கு அப்பால் வரும் தொடர்புக்குப் பதிலளிக்க மறுக்கும் உரிமை, அந்த மறுப்பு நியாயமற்றதாக இல்லாதவரை, வந்துவிட்டது. சிங்கப்பூரில் அப்படியொரு சட்டம் வேண்டுமென்று தொழிற்சங்கத் தலைவரும் நாடாளுமன்ற உறுப்பினருமான மெல்வின் யோங் 2020இலேயே கோரினார். சட்டம் வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வேலையிட மனநலம் பற்றி, அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கமும் சேர்ந்த முத்தரப்பு அறிவுரைக் குறிப்பு வந்தது. வேலை நேரத்துக்குப் பிந்தைய தொடர்பு பற்றி நியாயமானதொரு கொள்கையை நிறுவனங்கள் வகுத்துக்கொள்ளலாம் என்று அது பரிந்துரைக்கிறது. வேலை நியமனச் சட்டத்தில் வாரத்துக்கு 44 மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் ஆகிய விதிகள், உடலுழைப்பு சாராத வேலைகளில் மாதம் 2,600 வெள்ளி வரை அடிப்படைச் சம்பளம் பெறுவோருக்கே பொருந்தும். மேலாளர்களும் நிர்வாகிகளும் அவற்றில் அடங்கமாட்டார்கள். எனவே என் போன்றோரின் இரவு ஒன்பது மணிக்குக் கணக்குப் புத்தகத்தில் விலை இல்லை. 2024 டிசம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டு நெறிமுறைகளின்படி, ஊழியரின் கோரிக்கைக்கு இரண்டு மாதத்துக்குள் எழுத்துவழிப் பதில் தந்தாக வேண்டும். எங்கிருந்து, எப்போது, எவ்வளவு வேலை செய்வது என்பதைக் கேட்க அது வழி செய்கிறது. எப்போது கூப்பிடக்கூடாது என்பதை நிறுவனமும் ஊழியரும் தமக்குள் பேசிக்கொள்ள விட்டிருக்கிறது.

டீம்ஸ் வேண்டாம், வாட்ஸ்அப்பே போதும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கிடங்கில் அதுதான் நடக்கிறது. லாரி ஓட்டுநர்களும் சரக்கு ஏற்றுபவர்களும் சொந்தத் தொலைபேசியில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் எழுதுவதில்லை; எல்லாம் தமிழிலும், கொஞ்சம் வங்காளத்திலும், குரல் பதிவாகவே போகும். “தம்பி, நாளைக்கு அஞ்சரைக்கு லாரி, கேட்டுல நில்லு” என்பதுபோன்ற பதினைந்து விநாடிகள். அதில் இருக்கும் இணக்கம் டீம்ஸில் ஒருநாளும் வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லாரிச் செய்தி இரவு பத்தரைக்கு, விடுதிக் கட்டிலில் ஊருக்கு வீடியோவில் பேசிக்கொண்டிருப்பவரின் திரையில் வந்து விழுகிறது. மனைவி முகத்துக்கும் முதலாளி குரலுக்கும் ஒரே செயலி, ஒரே மணியோசை. குழு உரையாடலில் படித்த குறியை அணைக்கவும் முடியாது. டீம்ஸிலாவது தனிச் செயலி என்பதால் அதன் வாயை மட்டும் கட்டலாம். வேலையும் வீடும் ஒரே குழாயில் வருபவருக்கு அது அவ்வளவு எளிதில்லை. அலுவலகத்தில் புள்ளியைப் பற்றிப் புலம்பும் நான், அவர்களைப் பற்றி எழுதும்போது சற்றுக் கூசுகிறேன்.

காணொளிக் கூட்டங்களைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஒலி தெளிவு, திரையைப் பகிர்வது எளிது. தன் முகத்தையே ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பது களைப்பு தரும். தன் படத்தைத் தன் திரையில் மட்டும் மறைக்கும் வசதி இருக்கிறது, முதல் நாளே அதைத் தேடிப் போட்டுக்கொள்ளுங்கள்.

மதிப்பெண் கேட்டால், வேலைப் பட்டறையாக ஐந்துக்கு நான்கு தருவேன். கொள்கலன் எண்ணைத் தேடிக் கண்டெடுக்கும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கை உறுதிப்படுத்திக்கொள்கிறேன். ஊழியரைச் சுற்றி எழுப்பிய சூழலாக இரண்டு. அந்த இரண்டும் விசைகள் இருக்கின்றன என்பதற்காக. வாங்கப்போகும் சிறு நிறுவனங்களிடம், உரிமக் கட்டணத்தைப் பேசி முடிப்பதற்குமுன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வைத்துக்கொள்ளுமாறு கேட்பேன்: மஞ்சள் புள்ளியை யாராவது வருகைப் பதிவாக எடுத்துக்கொள்ளலாமா, அவசரக் குறியை எதற்குப் பயன்படுத்தலாம், மாலை எத்தனை மணிக்குமேல் எழுதியவை மறுநாள் காலைக்குத் தள்ளிப்போக வேண்டும். இன்டியூன் என்னும் மேலாண்மைச் சேவை வைத்திருக்கும் நிறுவனங்கள், ஊழியர்களின் கைத்தொலைபேசிகளில் அமைதி நேரத்தை நிர்வாகத் தரப்பிலிருந்தே அமைக்கலாம். அப்போது அமைதி யாருடைய தனிப்பட்ட துணிச்சலாகவும் இருக்காது.

எங்கள் பிரிவில் இவற்றில் மூன்றாவது மட்டும் நடந்திருக்கிறது, அதுவும் பாதி. சென்னைப் பெண்ணுக்குக் குறித்த நேரத்தில் அனுப்பும் வசதியைத் திரையைப் பகிர்ந்து காட்டிக்கொடுத்தேன். அவள் தன் அணி முழுவதற்கும் சொல்லிக்கொடுத்துவிட்டாள். இப்போது இரவு ஒன்பது மணிக்கு எதுவும் வருவதில்லை. காலை எட்டரை அடித்ததும் ஒன்பது, பத்துச் செய்திகள் ஒரே மூச்சில் வந்து விழுகின்றன, மேசையில் தொலைபேசி ஒரு சாண் தூரம் நகர்ந்துபோகிறது. கீழே உணவங்காடியில் வாங்கிவந்த தே ஓ கோசோங்கை (பாலும் சீனியும் சேர்க்காத தேநீரை) குடித்து முடித்தபின் முதல் செய்தியைத் திறக்கிறேன்.